சாமிக்கு வைத்த சுக்டி

அத்தியாயம் 9

தங்கராஜு வாயால் பிழைக்கிற ஆள். அவரை வாயில்தான் அடிக்க வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்க. இதில் மார்த்தாவுக்குக் குழப்பமே இல்லை. எதை வைத்து அடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

பட்டர்வொர்த் ஃபெரியிலிருந்து அவள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் இறங்கியபோது சனிக்கிழமை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை அவள் தம்பி பெர்னார்ட் கோர்ட்டில் நின்று, செய்யாத திருட்டைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளப் போகிறான். இடையில் இருப்பது இன்றும் ஒரு ஞாயிறும்.

"நேத்து வரைக்கும் மாட்டேன்னுதானக்கா சொன்னாரு?" என்றான் ஜபருல்லா. காப்புறுதி கம்பெனியில் மார்த்தா பொய்க் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவளோடு சுற்றுகிறவன். வேலையை விட்டு அவள் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியபோது, சம்பளம் என்ன என்று கேட்காமல் பின்னாலேயே வந்துவிட்டான். பிறகு கேட்டான். பதில் இன்னும் வரவில்லை.

"ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுருவாங்கன்னு லாயர் சொல்லிட்டாரு. அவனுக்கும் அலுத்துப்போச்சு."

"அப்ப கைடு லைசன்ஸ்?"

"திருடனுக்கு எவன் குடுப்பான்?"

ஜபருல்லா நிழல் பார்த்து அவளுக்கு முன்னால் நடந்தான்.

கதை இதுதான். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குஜராத்தி வியாபாரிகள் கட்டிய ஜைனக் கோயில் இருக்கிறது. நூறு வருடப் பழசு. அடுத்த தெருவில் மிளகாய்த்தூள் விற்பவருக்கே தெரியாது. பெர்னார்ட் அதைக் கண்டுபிடித்து, தர்மகர்த்தாக்களிடம் நடையாய் நடந்து, சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போக அனுமதி வாங்கினான். தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று எல்லா கைடும் ஒரே தடத்தில் மேய்ந்துகொண்டிருக்க, இவன் மட்டும் கடைசியில் கூட்டத்தை ஒரு மாடிப்படியில் ஏற்றி, பளிங்குத் தீர்த்தங்கரர்களின் முன் நிறுத்தினான். ஆள் குவிந்தது. சுற்றுலா நடத்தும் தங்கராஜுவிடம் முன்பு வேலை பார்த்தவன் அவன். விலகி வந்து இப்படிச் செய்தது தங்கராஜுவுக்குத் தொண்டையில் முள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெர்னார்டின் கூட்டம் வந்துபோன பிறகு, உள்ளங்கை அளவு வெண்கலப் பார்சுவநாதர் சிலை காணாமல் போனது. தங்கராஜு தானாகவே பாலாய்க்கு, போலீஸ் நிலையத்துக்கு, போய், சாமி கும்பிட வந்தவன் நான், அவன் படியில் நின்று தன் பையில் எதையோ திணிப்பதைப் பார்த்தேன் என்றார். மறுநாள் அவன் எங்கே இருப்பான் என்பதையும் அவரே சொன்னார். பெர்னார்ட் மகளுக்கு அன்று புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பும் பூமுடியுமாகப் பிள்ளைகள் தேவாலய வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, போலீஸ் அவன் காரைத் திறந்து, தோல் பையின் அடியிலிருந்து சிலையை எடுத்தது. விலங்கு மாட்டியபோது மகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலைப் பிரித்துவிட்டது மார்த்தாதான்.

அந்த விரல்களை அவள் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

"உன் கேள்விய இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றான் ஜபருல்லா, சந்துக்குள் திரும்பும்போது.

"கோயில் மாடிக்குத் தோல் சாமான் ஏத்தக் கூடாது. செருப்பு, பெல்ட், பை எல்லாம் கீழ அலமாரியில வச்சிட்டுத்தான் போகணும். பெர்னார்ட் பையும் கீழதான் இருந்துச்சு. படியில அவன் பையில திணிச்சத இவரு எப்படிப் பாத்தாரு?"

"பெர்னார்ட் மறந்து பையோட ஏறிட்டாருன்னு சொல்லிருவாரு லா."

"தெரியும். இந்தக் கேள்வி மட்டும் பத்தாது."

கீழ் அலமாரி முன்னால் ஜபருல்லா பெல்ட்டைக் கழற்றினான். கழற்றியதும் காற்சட்டை இறங்கப் பார்த்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறினான்.

"சீக்கிரம் கண்டுபிடிக்கா. எனக்கு ஒரு கைதான் இருக்கு இப்ப."

மாடியில் சந்தனமும் குங்குமப்பூவும் கலந்த வாசனை. கண்ணாடிக் கண்கள் பதித்த பளிங்கு உருவங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன; எல்லாம் ஒரே முகம், ஒரே இருக்கை. பீடத்தில் செதுக்கிய காளை, யானை, குதிரை என்ற அடையாளத்தை வைத்துத்தான் யார் எவர் என்று பிரிக்க வேண்டும். தலைக்கு மேல் பாம்பு படமெடுத்தால் பார்சுவநாதர். போலீஸ் திருப்பிக் கொடுத்த வெண்கலச் சிலையை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள்.

தர்மகர்த்தா வீட்டு அம்மா ஹன்சா பென் தரையில் உட்கார்ந்து, குட்டை மேஜையில் பச்சரிசியால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பினாங்கிலேயே பிறந்து, தமிழ்க் கடைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். அரிசிச் சுவஸ்திகத்தின் மேல் ஒரு துண்டு இனிப்பும், அதற்கு மேலே போட்ட அரிசிப் பிறையில் ஓர் ஆரஞ்சுப் பழமும் வைத்தார். மூலையில் ஒரு பெண் முதுகைக் காட்டித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் லெட்சுமி, கோயில் வேலைக்காரி. சிலை பக்கத்தில் பெர்னார்ட் மட்டும்தான் நின்றான், தங்கராஜு என்று ஒருவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று போலீசில் சொன்னவள். மார்த்தாவைப் பார்த்ததும் துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"உங்க தம்பி நல்ல பையன்" என்றார் ஹன்சா பென். "ஆனா சிலை அவன் பையில இருந்துச்சே. நான் என்ன நெனைக்க?"

"அன்னிக்கு நீங்க இருந்தீங்களாக்கா?"

"காலையில பூஜை முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். உங்க தம்பி ஆளுங்க வந்தப்ப லெட்சுமி மட்டும்தான்."

இதற்குள் ஜபருல்லாவின் காலியாக இருந்த கை மேஜைப் பக்கம் போயிருந்தது. ஹன்சா பென் அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"தம்பி, அது சாமிக்கு வச்சது."

"தெரியும்மா. முடிஞ்சதும் ஒரு துண்டு பிரசாதமா..."

"எங்க கோயில்ல பிரசாதம் கிடையாது."

"கொஞ்சமா கூட?"

"நாங்க ஆசைய விடறதுக்குத்தான் வைக்கிறோம். விட்டத திருப்பி எடுத்துத் தின்னா அது பாவம். விசேஷ நாள்ல வாசலுக்கு வெளிய இனிப்பு குடுப்போம், ஆனா அது தனியா செஞ்சது. மேஜையில வச்சத ஜைனன் எவனும் தொட மாட்டான். வந்தவங்களுக்கும் குடுக்க மாட்டோம்."

மார்த்தா அசையாமல் நின்றாள். போன வாரம் ஜபருல்லா பயணி போலத் தொப்பி போட்டுக்கொண்டு தங்கராஜுவின் கூட்டத்தில் நடந்துவிட்டு வந்து சொன்னது அவள் காதில் ஓடியது. தங்கராஜு அந்தக் கதையைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார். சாமி கும்பிட்டேன், பிரசாதம் கொடுத்தார்கள், அதைத் தின்றுகொண்டே படியில் இறங்கும்போதுதான் அந்தத் திருட்டைப் பார்த்தேன் என்று. போலீசிலும் அச்சு மாறாமல் அதையேதான் சொன்னார்.

"அக்கா, உன் மூஞ்சி எனக்குப் பயமா இருக்கு" என்றான் ஜபருல்லா.

"பொய் சொல்றவன் தெரிஞ்ச கோயில வச்சுத்தான் தெரியாத கோயிலுக்குப் பொய் சொல்லுவான். மாரியம்மன் கோயில்ல கும்பிட்டா கையில ஏதாவது விழும். இங்கயும் விழும்னு நெனச்சிட்டாரு. இந்த ஆளு அன்னிக்கு மாடிக்கே வரல."

கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. மந்தையோடு மேய்ப்பர் வந்துவிட்டார்.

தங்கராஜு மஞ்சள் குடையை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறி வந்தார். பின்னால் கோயம்புத்தூர்ப் பயணிகள், தண்ணீர்ப் புட்டியும் போனுமாக. பெர்னார்ட் பிடிபட்ட அடுத்த வாரமே இந்தக் கோயிலுக்கான அனுமதியை அவர் தன் பெயருக்கு வாங்கியிருந்தார். மார்த்தாவைக் கண்டதும் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே விரிந்தது.

"நல்ல நேரத்துல வந்தோம்ங்க. கீழ தெருவுல ஒரு திருட்டுக் கதை சொன்னேன் பாருங்க, அந்தத் திருடனோட அக்கா இவங்கதான்."

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரு பெண்மணி தன் துணிக் கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். மார்த்தா அதைப் பார்த்துக்கொண்டாள்.

"கதை எனக்கும் கேக்கணும்ணே. பிரசாதம் தின்ன இடத்துலேர்ந்து சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? சாமி கும்பிட்டேன், குடுத்தாங்க, தின்னேன். தின்னுக்கிட்டே எறங்கறப்ப உன் தம்பிய பாத்தேன்."

"யாரு குடுத்தா?"

"கோயில்லதான். வேற யாரு, கேஎஃப்சியிலயா குடுப்பாங்க?"

கூட்டம் சிரித்தது. மார்த்தா சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"இந்தக் கோயில்ல பிரசாதமே கிடையாதுண்ணே. சாமிக்கு வச்சத யாருக்கும் திருப்பிக் குடுக்க மாட்டாங்க. ஹன்சா பென் இங்கயே இருக்காங்க, கேளுங்க. அப்ப நீங்க அன்னிக்கு இங்க வரவே இல்ல. எதையும் பாக்கவும் இல்ல."

தங்கராஜுவின் கண்கள் ஹன்சா பென்னிடம் போய், மேஜைக்குப் போய், திரும்பி வந்தன. பிறகு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மார்த்தாவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் தின்னது என்னா? கோதுமை மாவு, வெல்லம், நெய். அதுக்கு சுக்டின்னு பேரு. அன்னிக்கு அதுல ஜாதிக்காய் மணம் தூக்கலா இருந்துச்சு, இன்னும் நாக்குல நிக்குது. ஹன்சா பென், அன்னிக்கு நீங்க ஜாதிக்காய் போட்டீங்களா இல்லையா? சாமி முன்னாடி நிக்கறீங்க, சொல்லுங்க."

ஹன்சா பென் முகத்தில் குழப்பம். "போட்டேன். ஏலக்காய் தீந்துபோச்சு. பாலிக் புலாவ்லேர்ந்து வந்த ஜாதிக்காய் வீட்டுல இருந்துச்சு, துருவிப் போட்டேன். அன்னிக்கு மட்டும்தான்."

"அவ்வளவுதாங்க" என்று தங்கராஜு கூட்டத்தின் பக்கம் கைகளை விரித்தார். "வாங்காத பிரசாதத்துக்கு ருசி தெரியுமா? தம்பி மேல பாசம், பாவம். தங்கச்சி, வீட்டுக்குப் போயி அவனுக்காக ஜெபம் பண்ணு."

யாரோ அனுதாபமாக உச்சுக்கொட்டினார்கள். கைப்பைக்காரி மார்த்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மார்த்தாவுக்கு, அடிக்க ஓங்கிய கை தன் கன்னத்திலேயே விழுந்த மாதிரி இருந்தது.

"போலாம்க்கா" என்றான் ஜபருல்லா மெதுவாக. "ஆளு உண்மையிலயே தின்னுருக்கான்."

தின்றிருக்கிறான். மார்த்தா அந்தச் சொல்லிலேயே நின்றாள். ஆமாம், இந்த மனிதர் உண்மையைத்தான் சொல்கிறார். அதுதான் விஷயமே. ஜைனன் எவனும் தொடாத, வந்தவர்களுக்குத் தராத ஒன்று இவர் வாய்க்குள் போயிருக்கிறது. தானாகப் போகாது.

"ஹன்சாக்கா, அந்தச் சுக்டிய வீட்டுல யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல. சாமிக்குன்னு ஒரே துண்டுதான் செஞ்சேன். மேஜையில வச்சிட்டுப் போயிட்டேன்."

"மேஜையில வச்சது அப்புறம் எங்க போகும்? குப்பைக்கா?"

"சேச்சே. எங்க மதத்துல இல்லாத வேலையாளுங்க எடுத்துக்கலாம். அரிசி, பழம், இனிப்பு எல்லாம் லெட்சுமிக்குத்தான். பின் படி வழியா வீட்டுக்குக் கொண்டு போயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் ஹன்சா பென்னுக்கே தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வாயில் கை வைத்துக்கொண்டார்.

துடைக்கும் சத்தம் நின்றிருந்தது. மார்த்தா மூலைக்கு நடந்து போய், லெட்சுமிக்கு எதிரே ஈரத் தரையிலேயே குந்தினாள்.

"லெட்சுமிக்கா. இவரத் தெரியவே தெரியாதுன்னு போலீசுல சொன்னீங்க. தெரியாத ஆளுக்கு எதுக்குச் சாமிக்கு வச்ச இனிப்பக் குடுத்தீங்க?"

லெட்சுமி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்கு மணம் வரைக்கும் தெரியுது. அந்தத் துண்டு உங்க கைய விட்டு வேற எங்கயும் போகல."

"அந்த மார்த்தாகிட்ட ஒண்ணும் பேசாத" என்று தங்கராஜு குரலை உயர்த்தினார். "லெட்சுமி, வேலையப் பாரு."

"பேரு தெரியுது உங்களுக்கு" என்றான் ஜபருல்லா. "இங்க யாரும் அறிமுகப்படுத்தி வைக்கலையே உங்களுக்கு."

வாராவாரம் வந்து பெயர் பழகிவிட்டது என்று தங்கராஜு சொல்லியிருக்கலாம். அதற்குள் லெட்சுமி அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"எம் மவன் அவருகிட்டதான் வேன் ஓட்டறான். சிலைய எடுத்துக் குடுக்கலன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்னாரு. பெர்னார்ட் தம்பி ஆளுங்களோட முன்னாடி நின்னுச்சு, நான் பின் படியில கொண்டு போயி குடுத்தேன். கீழ அலமாரியில இருந்த தம்பி பையில இவருதான் வச்சாரு."

"சுக்டி?"

லெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கையில இருந்துச்சு. கோயிலுக்கு வந்த ஆள வெறுங்கையா எப்படி அனுப்பறது? அவரும் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் வாயில போட்டாரு."

கோயம்புத்தூர்க்காரர்களில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது தொடங்கினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

திருடிக் கொடுக்கும்போதும் பிரசாதம். திருட்டை வாங்கும்போதும் கண்ணில் ஒற்றல். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த ஆள் தப்பியிருப்பார் என்று மார்த்தா நினைத்தாள். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட பொய்யனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

தங்கராஜு அவள் கையைப் பிடிக்க வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் ஜன்னலோரம் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"மார்த்தா, கேளு. இந்தப் பொம்பள பேச்ச வச்சு கோர்ட்டுல ஒண்ணும் கிழிக்க முடியாது. எம் பக்கமும் லாயர் வருவான், வருஷக்கணக்குல இழுப்பான். உனக்கு வேண்டியது தம்பிதான? திங்கட்கிழமை நானே போயி, கண்ணு சரியாத் தெரியல, தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லிடறேன். கேஸ் அங்கயே விழுந்துரும். அவன் தொழிலு அவனுக்கு. லெட்சுமி வேற வேலை தேடிக்கட்டும், பழி அதோட போவட்டும். நீ அந்தப் போன்ல எடுத்ததெல்லாம் அழிக்கச் சொல்லு."

மார்த்தாவுக்கு அந்த மூஞ்சியை ஜன்னல் கம்பியில் வைத்து அழுத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கோர்ட்டில் மாட்டப் போகும் கழுத்து அவளுடையது இல்லை. இவர் சொல்கிற வழியில் போனால் பெர்னார்ட் திங்கட்கிழமையே வழக்கிலிருந்து வெளியே வந்துவிடலாம். தன் ஆத்திரத்துக்காக அவனை வருடக்கணக்கில் இழுக்க அவளுக்கு உரிமை இல்லை.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். நடந்தது முழுவதையும் சுருக்காமல் சொன்னாள், தங்கராஜு பேசிய பேரத்தையும் சேர்த்து.

மறுமுனையில் தம்பி எழுந்து உட்கார்வது கேட்டது. ஜாமீனில் வந்து ஒரு மாதமாக வீட்டில் போர்வைக்குள் கிடப்பவன் பெர்னார்ட். சரி என்று சொல்லிவிட்டு அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அங்க ஆளுங்க இருக்காங்களாக்கா?"

"இருக்காங்க. அவரு கூட்டம்."

"எந்த ஊரு?"

"கோயம்புத்தூரு."

"நல்லா வெளங்கும் அப்ப." பெர்னார்டின் குரலில் அழுகை இல்லை. "வாராவாரம் என்னப் பத்தி அவங்ககிட்ட கதை சொன்னாருல்ல? அதத் திருத்தி இப்ப சொல்லட்டும். அதே ஆளுங்ககிட்ட, அதே குரல்ல. அப்புறம் பாலாய்க்குப் போயி அதையே சொல்லட்டும். கண்ணு தெரியலன்னு சொல்லி எனக்கு விடுதலை வேணாம்."

"இழுக்கும்டா. ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும். நான் ஒத்துக்கலன்னு லாயர்கிட்ட இப்பவே சொல்லிடறேன். நீ போன வைக்காத. எனக்குக் கேக்கணும்."

மார்த்தா தங்கராஜுவைப் பார்த்தாள். தன் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது தம்பி வயிற்றிலும் எரிகிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

"இந்தப் பொம்பளதான் எடுத்தா" என்று தங்கராஜு திடீரென்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு என்ன தெரியும்? திருடுனவ அவ. பிடிக்கறதா இருந்தா அவளப் பிடிங்க."

லெட்சுமி எழுந்தாள். ஈரத் துணியை வாளிக்குள் போட்டாள். "நான் வாரேன் பாலாய்க்கு. ஆமா, நான்தான் எடுத்தேன். யாருக்கு எடுத்தேன்னு அங்க வந்து சொல்றேன். எம் மவன் வேலையா, போனாப் போவுது."

ஹன்சா பென் படி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கையில் போன், அதில் கணவரின் எண். அவரைத் தாண்டாமல் கீழே இறங்க முடியாது. ஜபருல்லா பின்படிக் கதவில் சாய்ந்து நின்றான், இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"என்னைய இடிச்சுத் தள்ளிட்டுப் போலாம்ணே" என்றான். "ஆனா காற்சட்டை அவுந்தா அதுக்கும் சேத்து கேஸ் போடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. கைப்பைக்காரி முன்னால் வந்தாள். "சொல்லுங்க சார். எங்ககிட்ட ஒருத்தரத் திருடன்னு சொன்னீங்க. நாங்களும் நம்பினோம்ல."

தங்கராஜு குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். உதட்டை நனைத்தார். எத்தனையோ வருடப் பழக்கம், கூட்டத்தைப் பார்த்ததும் குரல் தானாகக் கிளம்பியது.

"இந்தக் கோயில்... இது குஜராத்திலேர்ந்து வந்த வியாபாரிங்க..."

"அங்கேர்ந்து இல்லண்ணே" என்றாள் மார்த்தா, போனை அவர் வாய்க்கு நேராக நீட்டி. "பின் படியிலேர்ந்து ஆரம்பிங்க."